அடுப்பு, புகைபோக்கி, டம்பர்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மேசன் வேலை செய்கிறவன். கல்லடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குசினி திருத்தி, புகைபோக்கி ஏற்றி இருபது வருசத்துக்கு மேலாகிறது. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்தவர்கள் பலர் பழைய விறகடுப்பைத் திரும்ப மூட்டினார்கள். அவர்களில் கனபேருடைய புகைபோக்கி பல வருசமாக யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்தது. அதே காலத்தில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய சில வீடுகளிலும் கடற்கரை விடுதிகளிலும், அங்கே பார்த்து ஆசைப்பட்ட கணப்பும் (குளிர் காயச் சுவரோடு கட்டும் நெருப்பிடம்) வந்து சேர்ந்தது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

டம்பர் என்றால் என்ன? எங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புகை ஏறிப் போகும் வழியைத் திறக்கவும் மூடவும் வைத்த இரும்புத் தகடுதான் டம்பர். கணப்பில் அது நெருப்பு எரியும் இடத்துக்குச் சற்று மேலே, புகைபோக்கியின் கழுத்தில் இருக்கும். ஒரு பிடியோ சங்கிலியோ கீழே தொங்கும். குழாய்ப் புகைபோக்கி என்றால் குழாய்க்குள் வட்டத் தகடு ஒன்று சுழலும்; பிடி மட்டும் வெளியே தெரியும்.

நம்மூர் பழைய குசினிப் புகைபோக்கிகளில் பெரும்பாலும் டம்பர் கிடையாது. அடுப்பு குளிர்ந்திருக்கும் பகலில் டோர்ச் அடித்து மேலே பாருங்கள். வானம் தெரிந்தால் ஒன்றில் டம்பர் இல்லை, அல்லது திறந்திருக்கிறது. இருட்டாக இருந்தால் மூடியிருக்கிறது, இல்லாவிட்டால் ஏதோ கூடு கட்டியிருக்கிறது.

குளிர் நாட்டில் இதை வைப்பது, நெருப்பு இல்லாத நேரம் வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்க. நமக்கு மார்கழி இரவிலும் 23, 24 பாகை இருக்கும். சேமிக்க என்ன சூடு இருக்கிறது? இங்கே டம்பர் கேட்கிறவர்கள் மழைக்கும் வௌவாலுக்கும் பயந்துதான் கேட்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

எப்போது திறக்க வேண்டும், எப்போது மூடலாம்?

நெருப்புக்குச்சி கிழிப்பதற்கு முன்னால் முழுதாகத் திறக்க வேண்டும். பாதி, முக்கால் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். திறந்த கையோடு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடியுங்கள். புகை மேலே இழுபட்டால் சரி. குசினிப் பக்கம் திரும்பினால் மூட்டாதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

மூடுவதில்தான் பிழை விடுகிறோம். சுவாலை அணைந்ததும் நெருப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். தணல் இருக்கிற வரை நெருப்பு இருக்கிறது. சொல்லப்போனால், சுவாலையை விடத் தணல்தான் நச்சு வாயுவை அதிகம் விடும். புகையும் மணமும் இல்லாமல் விடும். இரவு எரித்த அடுப்பை அடுத்த நாள் பகலில் கிளறிப் பார்த்து, சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடித்தால் சூடே தெரியக் கூடாது. அதற்குப் பிறகு மூடலாம். சந்தேகம் என்றால் திறந்தபடியே விடுங்கள். டம்பர் திறந்து கிடந்ததால் இந்த ஊரில் யாரும் குளிரில் விறைத்ததில்லை.

மாரி மழை புகைபோக்கிக்குள்ளால் கொட்டுகிறது. தணல்தானே இருக்கிறது, மூடினால் என்ன?

இந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டு, பிழையான விடை சொன்னவன். வேலை பழகிய காலத்தில் அம்மாவின் குசினிப் புகைபோக்கிக்கு ஒரு தகரத் தகடு வெட்டி, கம்பி கட்டி, இழுத்தால் மூடும்படி செய்து கொடுத்தேன். பெரிய வேலை செய்ததாக நினைப்பு. ஒரு கார்த்திகை இரவு வாடைக்காற்றோடு மழை சாய்த்து அடித்தது. அடுப்பில் தணல் மட்டும் கிடந்தது. நான்தான் கம்பியை இழுத்தேன். மழைக்காக யன்னலும் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குத் தலையிடி, பிறகு சத்தி. பித்தம் என்று கொத்தமல்லி அவிக்க அதே குசினிக்குள் போனார். எனக்கும் கால் தள்ளாடத் தொடங்கிய போதுதான் ஏதோ உறைத்தது. கதவைத் திறந்து இருவரும் விறாந்தையில் போய் இருந்தோம். அரை மணித்தியாலத்தில் தலை தெளிந்தது. அடுத்த நாளே அந்தத் தகட்டைக் கழற்றினேன்.

மழைக்கு மருந்து டம்பர் இல்லை, தொப்பி. புகைபோக்கி உச்சியில் நாலு பக்கமும் திறந்த தொப்பி ஒன்றை ஏற்றுங்கள். சுற்றிக் கம்பி வலை அடித்தால் குருவி, வௌவால், அணில் மூன்றுக்கும் ஒரே தீர்வு. கொசுவலை போன்ற சின்னக் கண் வலை வேண்டாம். கரி பிடித்துச் சீக்கிரம் அடைத்துவிடும். அரை அங்குலக் கண் அளவு போதும்.

அந்த நச்சு வாயு என்ன? மணத்தில் பிடிக்க முடியாதா?

முடியாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றுப் போதாமல் எரியும் எந்த விறகும் கரியும் அதை விடும். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடுகிறோம், ஆனால் மூச்சால் பயன் இல்லை.

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு. காய்ச்சல் மட்டும் இராது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே போனதும் குறைந்தால், கண்ணூறு கழிக்க நேரம் எடுக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டு வந்து, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். ஒருவர் மயங்கியிருந்தால் எழும்பும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்துச் சத்தம் போடும் சின்னக் கருவி இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து உறவினர் வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டால், சொக்லேட்டுக்குப் பதில் இதைச் சொல்லுங்கள். அடுப்பில் இருந்து ஒன்று தொடக்கம் மூன்று மீற்றர் தள்ளி வைப்பது வழக்கம். அதற்கும் ஆயுள் உண்டு, பின்னால் திகதி போட்டிருக்கும்.

பிள்ளை பெற்ற மகளுக்கு அறைக்குள் தணல் சட்டி வைக்கிறோம். அது தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதானே?

காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் ராத்தா (அக்கா) கேட்டது. மட்டக்களப்புத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே பழக்கம் இருக்கிறது.

அந்தக் காலத்து அறை எது, இந்தக் காலத்து அறை எது? கிடுகுக் கூரையும் மண்சுவரும் இருந்த வீட்டில் காற்று நாலு பக்கத்தாலும் புகுந்து போனது. இன்று சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல், பூட்டிய கதவு, சில வீட்டில் ஏசி. பழக்கம் அதே பழக்கம்தான், அறை வேறு. பச்சைப் பிள்ளைக்குக் கொஞ்ச வாயுவே பெரிய கேடு. சாம்பிராணி காட்டத்தான் வேண்டும் என்றால் கதவு யன்னல்களைத் திறந்து, ஒரு நிமிடம் காட்டி, சட்டியை முற்றத்துக்குக் கொண்டு போய்விடுங்கள். தணலை அறையில் வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. தாய்க்குச் சூடு வேண்டும் என்றால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கொடுக்கலாம். மூத்தவர்கள் கோபித்தால் இந்த மேசனின் தலையில் போடுங்கள்.

மூட்டினதும் புகை முழுவதும் குசினிக்குள் திரும்புகிறது. ஏன்?

இதற்கு ஒரே விடை கிடையாது. நான் போய்ப் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் டம்பர். பிடி "திறந்த" பக்கம் இருக்கும், தகடு கழன்று உள்ளே மூடியபடி கிடக்கும். பிடியை நம்பாமல் கண்ணால் பாருங்கள். அடுத்தது கூடு, குளவிக்கூடு உட்பட. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டுப் புகைபோக்கிக்குள் இருந்து ஒரு சாக்கு நிறையச் சருகும் தும்பும் எடுத்தேன், அணிலின் வேலை.

மூன்றாவது, குளிர்ந்த புகைபோக்கி. சூடான காற்று இலேசானது, அதனால் மேலே ஏறும். பல நாள் எரிக்காத, மழையில் நனைந்த புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்றுக் கனத்து நிற்கும். புகையால் அதைத் தள்ள முடியாது. ஒரு பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கொளுத்தி, கழுத்துக்கு நேரே ஒரு நிமிடம் பிடித்தால் இழுவை பிறக்கும். அப்புறம் விறகை மூட்டலாம்.

நான்காவதைப் பலர் நம்ப மாட்டார்கள்: புகை இழுக்கும் மின்விசிறி. குசினிச் சுவரில் அதைப் பூட்டி, யன்னல்களையும் அடைத்துவிட்டால், விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வீட்டுக்குள் காற்று எங்கேயாவது இருந்து வந்தாக வேண்டும். அது புகைபோக்கி வழியாக இறங்கும். விறகு எரியும்போது விசிறியை நிறுத்தி, ஒரு யன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, உயரம். கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒழுங்காக இழுத்த புகைபோக்கி வாடைக்காற்றில் திருப்பி ஊதினால், பக்கத்து மாடிவீடோ கூரையின் உச்சியோ காற்றைக் கீழே மடக்குகிறது என்று அர்த்தம். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்தில் இருந்து குறைந்தது 3 அடி, 10 அடிச் சுற்றுக்குள் இருக்கும் எந்த உச்சியையும் விட 2 அடி கூட. இந்தக் கணக்கைப் பிடித்து ஏற்றினால் பெரும்பாலும் சரிவரும்.

எந்த விறகு நல்லது?

காய்ந்த விறகு. மரத்தின் சாதி இரண்டாம் பட்சம்.

பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி ஆறு மாதமாவது வைக்க வேண்டும். மட்டக்களப்பில் இதற்குச் சரியான காலம் பங்குனியில் தொடங்குகிறது. கோடை முழுவதும் கச்சான் காற்று இலவசமாகக் காயவைத்துத் தரும். புரட்டாசிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள், "டங்" என்றால் காய்ந்தது, "தொப்" என்றால் பச்சை. வெட்டுமுகத்தில் வெடிப்பு விழுந்திருக்கும். ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு.

பச்சை விறகின் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மிச்சம் வரும் குளிர்ந்த, பிசுபிசுத்த புகை புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும். அந்தத் தார்தான் பிறகு தீப்பிடிக்கிறது.

பொச்சுமட்டை, சிரட்டை, பாளை, பன்னாடை எல்லாம் மூட்டுவதற்கு நல்லவை. ஆனால் பொச்சு புகைந்துகொண்டே கிடக்கும். அதை மட்டும் வைத்துச் சமைத்தால் கரி கூடும். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையை எடுக்காதீர்கள். அதில் ஊறிய உப்பு டம்பரையும் தகரக் குழாயையும் அரித்துவிடும். மரமுந்திரிகைக் கொட்டையின் தோடும் வேண்டாம். அந்த எண்ணெய் தோலைப் பொக்களிக்கச் செய்வது வாகரைப் பக்கம் கொட்டை உடைக்கிறவர்களுக்குத் தெரியும். புகையும் கண்ணையும் தொண்டையையும் விடாது. அலரிக் கொப்பு நஞ்சு, புகையும் நஞ்சு.

மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றி மூட்டலாமா?

கூடாது. "கொஞ்சம்" என்று ஊற்றும்போது உள்ளே ஒரு தணல் மறைந்து கிடந்தால், கையில் இருக்கும் போத்தல் வரை நெருப்பு ஓடி வரும்.

பொலித்தீன், பெயின்ற் அடித்த பழைய யன்னல் மரம்?

இரண்டும் வேண்டாம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். பீவீசீ குழாய்த் துண்டு எரிந்தால் வரும் வாயு நுரையீரலை அரிக்கும். குப்பைக்கு அடுப்பு இடம் இல்லை.

அடுப்புக்கு மேலே பறணில் விதை வைக்கிறோம். புகையைப் புகைபோக்கி இழுத்துவிட்டால் பூச்சி பிடிக்காதா?

படுவான்கரையில் ஒரு அம்மாச்சி கேட்ட கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான், ஏனென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புகை பட்ட சோளக் கதிரில் வண்டு குறையும். குசினிப் புகைக்கு ஒரு வேலை இருந்தது.

ஆனால் அதே புகையை அடுப்படியில் நிற்கிறவரும் மடியில் இருக்கிற பிள்ளையும் குடிக்கிறார்கள். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நியூமோனியா, பெரியவர்களுக்கு இழுப்பும் நெஞ்சுநோயும். அம்மாச்சிக்கு நான் செய்து கொடுத்தது இதுதான்: குசினிக்குப் புகைபோக்கி, விதைக்கு வளவில் ஒரு சின்னக் கொட்டில். கிழமைக்கு ஒரு நாள் அதற்குள் புகை போடுகிறார். வெறும் மூன்று கல் அடுப்பில் சமைப்பவர்கள், இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பை வாங்கி, சுற்றி மண் பூசி வைத்தாலே விறகும் புகையும் குறையும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துப்புரவு செய்ய வேண்டும்?

வருசத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நாளாந்தம் சமைக்கும் அடுப்பென்றால் இரண்டு முறை. மாரி தொடங்க முன்னர் ஒன்று கட்டாயம். சுவரில் படிந்த கரி கால் அங்குலத் தடிப்பை எட்டும்வரை காத்திருக்கக் கூடாது. உலர்ந்த கரி தூரிகைக்கு உதிரும். கண்ணாடி போலப் பளபளத்து இறுகிய தார் உதிராது. அதைச் சுரண்டி உடைக்க வெளிக்கிட்டால் சுவரும் சேர்ந்து வரும். அதற்கு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நீண்ட கம்பில் தென்னோலைக் கொத்தைக் கட்டி மேலிருந்து இறக்குவது பழைய முறை, இன்றைக்கும் வேலை செய்யும். ஆனால் அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறாதீர்கள். உடைந்து கீழே விழுந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால்?

ரயில் ஓடுவது போல ஒரு இரைச்சல் கேட்கும். உச்சியில் பொறி பறக்கும். வீட்டில் உள்ள எல்லாரையும் வெளியே எடுங்கள், மாநகரசபையின் தீயணைப்புப் பிரிவுக்கோ 119க்கோ சொல்லுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் மணல் இருந்தால், போகிற போக்கில் அடுப்பு நெருப்பின் மேல் கொட்டலாம். புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூடான கல் சடாரென்று வெடிக்கும். டம்பர் பிடியைத் தொடவும் வேண்டாம், அது சுடும். கச்சான் காலம் என்றால் பக்கத்தில் இருக்கும் கிடுகுக் கொட்டிலையும் வைக்கோல் போரையும் பாருங்கள், பொறி அங்கேதான் போய் இருக்கும். தீ தானாக அணைந்தாலும், புகைபோக்கியைச் சோதிக்காமல் மறுபடி மூட்டக் கூடாது.

காஸ் அடுப்பும் விறகடுப்பும் ஒரே குசினியில் இருக்கலாமா?

இருக்கலாம், பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் நிலத்தோடு பரவி, தாழ்ந்த அடுப்பில் இருக்கும் தணலைத் தேடிப் போகும். சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, கூரைக்குக் கீழே வைத்து, குழாயைத் துளையிட்டு உள்ளே எடுப்பது எனக்குத் தெரிந்த நல்ல வழி. காஸ் மணம் வந்தால் அன்றைக்கு விறகு மூட்டாதீர்கள், லைற் சுவிச்சையும் தட்டாதீர்கள்.

புதிதாகக் கணப்பு ஒன்று கட்ட ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

ஆசைக்கு நான் குறுக்கே நிற்பதில்லை, கூலியும் வருகிறது. ஆனால் படத்தைக் காட்டி "இப்படித்தான் வேண்டும்" என்றால் மறுப்பேன். கணப்பின் வாய் பெரிதாகவும் புகைவழி ஒடுக்கமாகவும் இருந்தால் புகை வரவேற்பறைக்குள்தான் வரும். வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைவழிக்கு வேண்டும். நெருப்புப் படும் இடத்துக்குச் சூடு தாங்கும் தீச்செங்கல், மற்ற இடத்துக்குச் சாதாரணச் செங்கல்; கடல் மணல் கலந்த சாந்து எங்குமே வேண்டாம். ஒற்றைத் தகரக் குழாய் என்றால் மரச்சட்டம், சீலிங் எதுவும் 18 அங்குலத்துக்குள் வரக் கூடாது. அஸ்பெஸ்டஸ் சீற் எரியாதுதான், ஆனால் சூட்டில் வெடித்துச் சிதறும். அதிலும் இடைவெளி விடுங்கள். கட்டி முடித்து ஒரு மாதமாவது காய விட்டு, முதல் சில நாள் கையளவு நெருப்பு மட்டும்.

சாம்பலை எங்கே போடுவது?

மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து, வீட்டுக்கு வெளியே, மண்தரையில் வையுங்கள். மூன்று நாள் கழிந்த சாம்பலிலும் தணல் உயிரோடு இருக்கும். பிளாஸ்ரிக் கூடையிலோ உரப்பையிலோ போட்டு விறாந்தையில் வைப்பதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். நன்றாக ஆறினால் தென்னைக்குப் போடலாம்.

கை சுட்டுவிட்டால் பற்பசை பூசலாமா?

வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். மோதிரம், காப்பு இருந்தால் வீங்க முன்னர் கழற்றுங்கள். பொக்களம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரி.

டம்பர் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கும் எவருக்கும் இது வரும். திறந்த நிலையில் இறுகியிருந்தால், என்னைக் கேட்டால், அப்படியே விட்டுவிட்டு உச்சியில் தொப்பி போடுங்கள். மூடிய நிலையில் இறுகியிருந்தால் அடுப்பை மூட்டவே கூடாது. அடித்தால் பிடி மட்டும் கையோடு வரும், தகடு அங்கேயே நிற்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். எண்ணெய் முழுவதும் துடைத்து எடுத்த பிறகே நெருப்பு. அதற்கும் மசியவில்லை என்றால் கழற்றிக்கொண்டு வெல்டிங் கடைக்குப் போய், தடித்த தகட்டில் புதிது அடியுங்கள். அடித்ததும் பிடிக்குப் பக்கத்தில் சுவரில் எந்தப் பக்கம் "திற", எந்தப் பக்கம் "மூடு" என்று பெயின்றில் எழுதிவிடுங்கள். வீட்டை வாடகைக்கு எடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்காது.